கைவிளக்கும் கண்மூடிப் பழக்கமும்

பழையது என்பதாலேயே ஒரு பொருளைப் போற்றலாமா? பழையது என்பதாலேயே ஒரு பொருளைத் தூற்றலாமா? முதற் கேள்விக்குக் 'கூடாது' என்று உரத்த குரலில் விடை கூறப் பழகிய நாம், இரண்டாவது கேள்வி வந்ததும் சற்றே தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளத் தத்துவ நூல்களைத் தேடி ஓட வேண்டியதில்லை, தோழர்களே! சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு பொருள் போதும்.

டார்ச் விளக்கைத்தான் சொல்கிறேன். 'பேட்டரி லைட்' என்று சிற்றூர்களில் அழைக்கப்படும் அந்த விளக்கை. அதிலும் இன்று கடைகளில் தொங்கும் எல்இடி விளக்கையல்ல; கண்ணாடி பல்புக்குள் மெல்லிய கம்பியொன்று கனன்று ஒளிவிடுமே, அந்தப் பழைய விளக்கை. பென்சில் கட்டைகள் இரண்டைப் போட்டு, பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, நாள்தோறும் நான் பள்ளிக்கு எடுத்துச் செல்கிறேன். காண்போர் நகைக்கின்றனர். "கைபேசியிலேயே விளக்கு இருக்கிறதே, சார்! பகுத்தறிவு பேசும் உங்களுக்கும் பழமைப் பற்றா?" என்று கேட்கின்றனர்.

கேலியாகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. கேட்பவன் வாயை அடைப்பது பழமைவாதியின் வேலை. கேள்வியை உட்கார வைத்து விடை தேடுவது நம் வேலை. ஆகவே, என் விளக்கை நானே கூண்டில் ஏற்றுகிறேன். நீங்கள் நீதிபதிகளாக இருங்கள்.

குற்றச்சாட்டு வலுவானது. கட்டையிலிருந்து புறப்படும் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. கேட்டது வெளிச்சம், கிடைப்பது சூடு! ஒரு வாட் மின்சாரத்துக்கு டார்ச் பல்பு தரும் ஒளி ஏறத்தாழ 10 லூமென். இன்றைய நல்ல எல்இடி தருவதோ 100 லூமெனுக்கு மேல். கம்பி மெலிந்தது, கைதவறி விழுந்தால் அறுந்துபோகும். கட்டை விரைவில் தீரும். தீர்ந்த கட்டையை எடுக்க மறந்தால், உள்ளிருக்கும் நீர் கசிந்து, சுருள்கம்பியை அரித்து, விளக்கையே பாழாக்கும். இத்தனை குற்றங்களையும் விளக்கு மறுக்கவில்லை. மறுக்க முடியாது, அளந்து பார்த்த உண்மைகள் இவை.

விளக்கின் பக்கம் மூன்று சாட்சிகள் வருகின்றனர்.

முதல் சாட்சி பரம்பரை. "இது என் பாட்டன் பிடித்த விளக்கு. பாட்டன் பிடித்ததைப் பேரன் விடலாமா?" என்று நெஞ்சம் தழுதழுக்கப் பேசுகிறது. இதற்கு விடையை வரலாறு தருகிறது. 1899ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அமெரிக்காவில் டேவிட் மிசல் என்பவர் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தாலான ஒரு குழாய், உள்ளே உலர்மின்கலங்கள், முனையில் ஒரு பல்பு, அதன் பின்னே பித்தளையாலான ஒளித்தகடு, அவ்வளவுதான். நியூயார்க் நகரக் காவலர்கள் முதலில் அதைப் பயன்படுத்திப் பார்த்தனர். அக்காலத்துக் கட்டைக்கு வலிமையில்லை. கரி இழை பல்புக்கோ தொடர்ந்து எரியும் திறனில்லை. அழுத்தினால் மின்னும், உடனே ஓய்வு கொடுக்க வேண்டும். 'ஃபிளாஷ்லைட்' என்று அமெரிக்கர் அதற்கு இட்ட பெயரே, மின்னி மறையும் அந்தக் குறைபாட்டிலிருந்து பிறந்ததுதான்.

எண்ணிப் பாருங்கள். அன்று அது பழமையன்று, அப்பட்டமான புதுமை! தீப்பந்தத்தையும் அரிக்கேன் விளக்கையும் கீழே வைத்துவிட்டு, முன்பின் அறியாத அந்தக் குழாயைக் கையில் எடுத்தவன் புதுமையை நம்பியவன். எண்ணெயில்லாமல் விளக்கெரியுமா என்று ஊரார் வியந்தபோது, எரியும் என்று அழுத்திக் காட்டியவன். பாட்டன் புதுமையைக் கைக்கொண்டான்; பேரனோ பாட்டன் கையிலிருந்ததை மட்டும் கைக்கொள்கிறான்! பாட்டனைப் பின்பற்றுவதென்றால் அவன் பிடித்த விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? அவன் துணிந்ததுபோல் துணிவதா? முதல் சாட்சியின் வாக்குமூலம் தள்ளுபடியாகிறது.

இரண்டாம் சாட்சி இயற்கை. "இதன் பொன்னொளி இயற்கையானது, கண்ணுக்கு இதமானது, எல்இடியின் வெள்ளொளி செயற்கையானது" என்கிறது. இயற்கையா? 3,422 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டறிய, வில்லியம் கூலிட்ஜ் என்ற அறிவியலாளர் 1910ஆம் ஆண்டுவரை ஆய்வுக்கூடத்தில் பாடுபட்டார். காற்று நீக்கிய கண்ணாடிக்குள் அக்கம்பி இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கனன்றால்தான் நமக்கு அந்தப் பொன்னொளி. எந்த மரத்தில் காய்த்தது அது? எந்தச் சுனையில் ஊறியது? மனித அறிவு பெற்ற பிள்ளையை 'இயற்கை' என்று சொல்லி உயர்த்துவதும், மனித அறிவு பெற்ற மற்றொரு பிள்ளையைச் 'செயற்கை' என்று சொல்லித் தாழ்த்துவதும் நேர்மையாகாது.

ஆனால் இந்தச் சாட்சியிடம் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைப்பதும் நேர்மையாகாது. வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி உமிழும் சில்லின் மீது மஞ்சள் ஒளிதரும் பூச்சைத் தடவி அமைக்கப்பட்டது. மலிவான விளக்குகளில் சிவப்பு நிறம் குறைவு. குருதி எது, சேறு எது என்று காயத்தைப் பார்க்கும்போது கம்பி விளக்கு நிறத்தை நிறமாகவே காட்டும். இந்தக் குறையை நீக்கிய எல்இடிகளும் வந்துவிட்டன. ஆகவே இந்த உண்மையும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துவரும் உண்மை. இதை நம்பி ஒருவன் வாழ்நாள் முழுதும் பழைய விளக்கைச் சுமக்க முடியாது.

மூன்றாம் சாட்சி வகுப்பறை. இதன் வாக்குமூலம் நிற்கிறது. எட்டாம் வகுப்பு மாணவனிடம் பழைய டார்ச்சைக் கொடுங்கள். மூடியைத் திருகுவான், சுருள்கம்பி வரும், கட்டை வரும், பல்பு வரும். நேர்முனை எது, எதிர்முனை எது, விசை எங்கே சுற்றை மூடுகிறது என்பதை விரலால் தொட்டுத் தெரிந்துகொள்வான். கட்டையைத் திருப்பிப் போட்டாலும் பல்பு எரியும்; ஏன் என்று கேட்பான். கட்டை களைக்கக் களைக்க வெண்மை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, கம்பி கண்முன்னே குளிர்ந்து அடங்குவதைப் பார்ப்பான். எல்இடிக்குள் நடப்பதோ படிகத்துக்குள் நடக்கும் எலக்ட்ரான் கணக்கு. அதைக் கண்ணால் காண முடியாது, மேல்வகுப்பில் கருத்தால்தான் காண வேண்டும். போதாக்குறைக்கு, இன்றைய விளக்குகளில் பல திறக்கவே முடியாதபடி ஒட்டப்பட்டு வருகின்றன. உள்ளே என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு, 'கேட்காதே, தூக்கியெறி, வேறு வாங்கு' என்பதே விடையாகிறது.

திறந்து பார்க்கக் கூடிய பொருள் கேள்வியை வளர்க்கிறது. இதற்காகத்தான் நான் அதைச் சுமக்கிறேன். இந்தக் காரணம் இருக்கும்வரை விளக்கு என் பையில் இருக்கும். இதைவிடத் தெளிவாகப் பாடம் சொல்லும் பொருள் வந்த மறுநாளே அது என் பையைவிட்டுப் போகும். பழைய பொருளை வைத்திருப்பவன் பழமைவாதியா, பகுத்தறிவாளனா என்று அறிய இதுவே உரைகல். ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் 'பழையது' என்பதைத் தவிர வேறொரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் செத்துவிட்டால் பொருளைக் கைவிடும் துணிவும் வேண்டும்.

தீர்ப்பு எழுதிவிடலாமா? பொறுங்கள். பெரிய கேள்வி இனிமேல்தான் வருகிறது. என் விருப்பத்துக்கு விலை கொடுப்பது யார்?

என் பையில் இருக்கும்வரை விலை கொடுப்பவன் நான். கட்டைக்குக் காசு என் காசு. மங்கிய ஒளியில் தடுக்கி விழுந்தால் அடிபடுவது என் கால். ஆனால் இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து, மோட்டார் போட வரப்பில் நடக்கும் உழவனை எண்ணிப் பாருங்கள். வரப்போரம் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால், மங்கிய வெளிச்சத்தில் அதற்கும் காய்ந்த சருகுக்கும் வேறுபாடு தெரியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டனர் என 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். கயிற்றைப் பாம்பென்று மயங்குவதை உவமையாக்கி நூற்றாண்டுக் கணக்கில் தத்துவம் பேசிய நாடு இது. பாம்பையே சருகென்று மயங்கி மிதித்தவனுக்கு அந்தத் தத்துவம் என்ன செய்தது? இரவில் பாம்பின் பெயரைச் சொல்லாதே என்று சொல்லி வளர்த்தோம். பார்த்து நடக்க நல்ல விளக்கைக் கொடுத்தோமா?

அந்த உழவன் கையில் என் பழைய டார்ச்சைக் கொடுத்து, 'பொன்னொளியைப் பார், ஐயா! இதன் அழகே அழகு!' என்று நான் சொன்னால், அது இரசனையாகுமா? கொடுமையாகும்! அவனுக்கு வேண்டியது பளிச்சென்று நெடுந்தொலைவு காட்டும் எல்இடி விளக்கு. என் வெளிச்சத்தில் நான் மட்டும் நடக்கும்போது எனக்கு விருப்பம் உண்டு, விருப்பமின்மை உண்டு. என் வெளிச்சத்தை நம்பி இன்னொருவர் நடக்கும்போது எனக்கு இருப்பது கடமை ஒன்றே.

பழமையைப் பற்றி உருகுவோர் பலரும் இந்த விலைக் கணக்கை எழுத மறுக்கின்றனர். பழைய பித்தளை டார்ச்சின் பளபளப்பு அவர்கள் நினைவில் நிற்கிறது. ஆனால் எவரெடி கட்டைகளையும் டார்ச்சுகளையும் இந்நாட்டில் செய்து விற்ற யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனந்தான் போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையையும் நடத்தியது என்பது நினைவில் நிற்பதில்லை. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு அந்த ஆலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் நச்சு கசிந்தது. உறங்கிக் கிடந்த ஏழை மக்கள், எதற்குப் பயந்து ஓடுகிறோம் என்பதே அறியாமல் இருளில் ஓடினர், ஆயிரக்கணக்கில் மாண்டனர். வீட்டுக்கு வீடு வெளிச்சம் விற்ற நிறுவனத்தின் மற்றொரு வாசலில் அந்த இருட்டு இருந்தது.

அப்படியானால் புதியது தூயதா? அதுவுமில்லை. கைபேசியின் மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகள் உழைப்பது பதிவாகியிருக்கிறது. 'விலை கொடுப்பது யார்?' என்ற கேள்வி பழையதற்கு மட்டும் உரியதன்று, புதியதற்கும் உரியது. ஆண்டு எண்ணைப் பார்த்துப் போற்றுபவனும், ஆண்டு எண்ணைப் பார்த்துத் தூற்றுபவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பி ஓடுகிறவர்களே.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் வாருங்கள். 'விறகடுப்புச் சமையலுக்கு ஈடுண்டா?' என்கிறார் இலை முன் அமர்ந்த பெரியவர். சுவை அவர் நாவில். புகை யார் நெஞ்சில்? 'அம்மியில் அரைத்த மசாலாவின் மணமே தனி' என்கிறார் இன்னொருவர். மணம் அவர் மூக்கில். வலி யார் தோளில்? விரும்புகிறவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்றானபின், அதற்கு மரபு என்று பெயரிட்டாலும் பண்பாடு என்று பெயரிட்டாலும், அது சுரண்டல் என்ற பெயருக்குத்தான் பொருந்தும். அவரே அம்மியின் முன் அமர்ந்து, அவரே அரைத்து, அவரே உண்பாரானால், யாருக்கு என்ன மறுப்பு? வாழ்த்தி வழிவிடுவோம்!

நண்பர்களே! பழமையைத் தாக்குவது எளிது. தம் கைப்பொருளை விசாரிப்பது கடினம். ஒவ்வொருவர் பையிலும் ஏதோவொன்று இருக்கிறது: ஒரு பழக்கம், ஒரு பற்று, ஒரு விருப்பம். அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். காரணம் கேளுங்கள். காரணம் செத்தால் கைவிடுவீர்களா என்று கேளுங்கள். கடைசியாக, வீட்டில் வாய் திறவாமல் உழைப்பவரைப் பார்த்து, 'இதற்கு விலை கொடுப்பது நீங்களா?' என்று கேளுங்கள். அவர் விடை சொல்லும்வரை பொறுத்திருங்கள். நெடுநாளாக யாரும் கேட்காத கேள்வி என்பதால், விடைவரச் சற்று நேரம் ஆகலாம்.