ஆப்தர் யாவர்?

பொருளியல்பு ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது அளவை இலக்கணமாகும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்தை அளவை கூறித் தொடங்கியதூஉம் இதுபற்றியேயாம். பிறர் அளவைகளைப் பத்தென விரிப்பினும், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சைவ நூலார் துணிபு. இவற்றுள் உரையளவை பதியியல்பு உணர்தற்கே உரியதென்றும், உலகியற் பொருட்கண் அதற்கு இடம் சிறிதென்றும் கருதுவாரும் உளர். அக்கருத்து அமையாது. மக்கள் தம் வாழ்நாளிற் பெரிதும் பிறர் உரையைக் கொண்டே ஒழுகுகின்றனர்; நோயுற்றவிடத்தோ முற்றிலும் அதனையே சார்கின்றனர். தன் குருதியிற் சர்க்கரை மிகுந்ததை ஒருவன் கண்ணாற் காண்கிலன். தன் ஈரல் கெட்டதைத் தானே அனுமானித்தற்கு வேண்டும் பயிற்சியும் அவன்பால் இல்லை. தன் உடம்பு தனக்கு மிக அணித்தாயினும், அதனுள் நிகழ்வன அவன் காட்சிக்குச் சேய்மையனவே. ஆகவே எவர் உரையைக் கொள்வது, எவர் உரையைத் தள்ளுவது என்பது அவனுக்கு உயிர்நிலை வினாவாகின்றது.

முற்காலத்தில் உரைப்பானை ஊரார் அறிவர். மருத்துவன் கைப்பட்டுப் பிழைத்தாரும் மாண்டாரும் இன்னார் என்பது தெருவறிந்த செய்தி. இக்காலத்தில் கைபேசியைத் திறந்த அளவிலே ஒரு நோய்க்கு நூறு மருந்து தோன்றுகின்றன. பல்லாண்டு ஆராய்ந்தவர் முடிபும், சரக்கு விற்பான் விளம்பரமும், செவிவழிச் செய்தியும் ஒரே எழுத்தில், ஒரே ஒளியில், அடுத்தடுத்து நிற்கின்றன. இணையத்தின்வழி வருவது பெரும்பாலும் முகமில்லாத உரை.

இந்நிலையில் பழைய தருக்க நூலார் கூறிய ஆப்த இலக்கணம் பெரிதும் பயன்படும். ஆப்தன் உபதேசமே உரையளவை என்பது கோதமர் நியாய சூத்திரம். அதற்கு உரை வகுத்த வாற்சியாயனர், பொருளை உள்ளவாறு தேர்ந்தறிந்து, அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்பத்தால் உரைப்பவனே ஆப்தன் என்றார். இவ்விலக்கணம் இருடியர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒக்கும் என்றும் கூறினார். அவர் இதனைக் கூறாது விடினும் இலக்கணம் குறைபடாது. கூறியது அவர்தம் நடுவுநிலை. மேனாட்டார் சொற்றது ஆகலின் மெய் என்பாரும், நம் முன்னோர் சொற்றது ஆகலின் மெய் என்பாரும் இவ்வொரு தொடரால் ஒருங்கே மறுக்கப்பட்டனர். இன்னும் ஒன்று. வேதம் பிரமாணமாதலை நிறுவப் புகுந்த கோதமர் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது ஆயுள்வேதத்தை. மருத்துவ உரையின் பயன் கண்கூடாக அறியப்படுவது ஆகலின், அஃது எடுத்துக்காட்டாதற்கு உரித்தாயிற்று. ஆகவே மருத்துவ உரை பயனால் சோதிக்கப்படும் உரை. அச்சோதனைக்கு உடன்படாத உரை மருத்துவ உரை ஆகாது.

பயனால் சோதித்தல் எளிதன்று என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்தது ஒன்று சான்றாம். 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரும் அவருடன் பன்னிருவரும் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதிற் பேசப்பட்ட குழந்தைகள் 12 பேர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா என்னும் மூன்று நோய்க்கும் ஒருங்கே இடும் தடுப்பூசிக்குப் பின்னர், அவருட் சிலர்க்கு ஆட்டிசம் என்னும் குறைபாட்டின் குறிகள் தோன்றின என்று பெற்றோர் கூறியது அதிற் குறிக்கப்பட்டது. இயைபு நிறுவப்பட்டிலது என்று அக்கட்டுரையே சொற்றது. ஆயினும் செய்தியாளரிடையே வேக்ஃபீல்டு பேசியது அக்கட்டுரையின் எல்லையைக் கடந்தது. மூன்றையும் ஒருங்கே இடுதலை நிறுத்துக என்றார். மக்கள் செவிக்கு எட்டியது பேச்சே, கட்டுரை அன்று.

அப்பெற்றோர் பொய் கூறினாரல்லர் எனக் கொள்வோம். அவர் கண்டது என்னை? ஊசி முன்னே, குறி பின்னே. காகம் இருக்கப் பனம்பழம் வீழ்ந்ததைக் காகதாலீயம் என்பர் தருக்க நூலார். இங்கிலாந்தில் அவ்வூசியின் முதற்றவணை குழந்தைக்கு ஓராண்டு நிரம்பியதை ஒட்டி இடப்படுவது. ஆட்டிசக் குறிகளைப் பெற்றோர் பெரும்பாலும் கண்டுகொள்வது இரண்டாம் ஆண்டில். ஊசியிட்டார்க்கும் இடாதார்க்கும் அக்குறி தோன்றும் பருவம் அதுவே. ஆகவே ஊசியிட்ட குழந்தைகளை மட்டும் நோக்கின், ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாகவே தோன்றும். ஏது மெய்யேது ஆதற்கு, அஃது இல்லாதவிடத்துப் பயனும் இல்லாமை காட்டல் வேண்டும். விபக்கத்தை நோக்காது செய்யும் அனுமானம் அனுமானப் போலியாம் என்பது இளமாணாக்கரும் பயிலும் பாடம். டென்மார்க்கு நாட்டார் அவ்விபக்கத்தை நோக்கினர். 1991 முதல் 1998 வரை அந்நாட்டிற் பிறந்த 5,37,303 குழந்தைகளை ஆராய்ந்து, ஊசியிட்டார்க்கு ஆட்டிசம் மிகுதிப்படவில்லை என 2002இல் வெளியிட்டனர். பன்னிரண்டு எங்கே, ஐந்து இலக்கம் எங்கே!

ஈண்டு ஒரு தடை எழும். புகழ்பெற்ற இதழே பிழைபட்டதை ஏற்று வெளியிட்டது எனின், இனி எவரை நம்புவது? இத்தடை வலியுடைத்து, எளிதின் ஒதுக்கற்பாலது அன்று. தடுப்பூசி செய்தார்மேல் வழக்குத் தொடுக்க முனைந்த பெற்றோர்க்குரிய வழக்கறிஞர்பால் வேக்ஃபீல்டு பொருள் பெற்றமையும், அதனை வெளியிடாது மறைத்தமையும் 2004இல் ஒரு பத்திரிகையாளர் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன. அவ்வாண்டே அவருடன் எழுதியவருட் பதின்மர் அம்முடிபினின்றும் விலகினர். 2010 பிப்ரவரியில் இதழ் அக்கட்டுரையை முற்றும் விலக்கிக்கொண்டது. மேத் திங்களில் அந்நாட்டு மருத்துவ மன்றம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டினின்றும் நீக்கியது. பன்னிரண்டு ஆண்டு தாழ்த்தது இதழின் குற்றமே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் தன் பிழையைத் தானே பலரறியச் சாற்றும் வாய், ஒருபொழுதும் பிழைபடாதது போற் பேசும் வாயினும் நம்பத்தகுவது. இன்றும் அவ்விதழின் தளத்தில் அக்கட்டுரை கிடைக்கும்; விலக்கப்பட்டது என்னும் சொல் செந்நிறத்தில் அதன்மேற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை மேற்கோள் காட்டித் தடுப்பூசியைப் பழிப்பார் அச்செந்நிறத்தை உடன்காட்டுவதில்லை.

மூலத்தைக் காண்டல் என்பது ஏட்டுப் பிரதிகளோடு பழகினார்க்குப் புதிதன்று. ஒரு பாடத்தை ஏழு ஏடுகள் தருகின்றன என்று மகிழ்ந்த பதிப்பாளன், அவ்வேழும் ஒரே தாயேட்டைப் பார்த்து எழுதப்பட்டவை எனத் தெரிந்தவுடன், தன்பால் உள்ள சான்று ஏழன்று, ஒன்றே எனத் தெளிவான். தாயேட்டிற் பிழையிருப்பின் ஏழினும் அப்பிழையே இருக்கும். இணையத்தில் நூறு தளங்கள் ஒன்றைச் சொல்லின் அதனை நூறு சான்றாக எண்ணுதல் அத்தகைத்து. இனி, பெயராலும் மயங்கல் ஆகாது. பிற்காலத்தார் இயற்றிய மருத்துவ நூல்கள் பலவற்றை அகத்தியர் தலையில் ஏற்றியது தமிழுலகம் அறிந்த செய்தி. இன்று அவ்விடத்தில் பெரிய மருத்துவமனைகளின் பெயர் நிற்கின்றது, வேற்றுமை அவ்வளவே. ‘இன்ன மருத்துவர் கூறியது’ என வரின், அம்மருத்துவர் எங்கே, எந்த ஆண்டில், எவர்க்குக் கூறினார் என வினாவுக. விடையில்லையாயின் அது பெயரில்லா உரையே. உரைக்கும் வாயே மருந்தும் விற்குமாயின் ஐயம் இரட்டிக்கும். நீரிழிவையும் புற்றையும் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்தலை இந்திய அரசு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே விலக்கியது. அச்சட்டத்தை மீறி வாக்களிப்பவன் உண்மை உரைப்பதில் மட்டும் கவனமுடையன் ஆவானோ?

எனினும் பொய்யுரையைப் பரப்புவார் யாவரும் வஞ்சகர் அல்லர். உறவினர்பால் அன்பு மிக்கு, ‘இதனைப் பருகின் நலமாம்’ என்று கைபேசியில் அனுப்புவாரே பலர். இவர்பால் ஆப்த இலக்கணத்தின் ஒரு பாதி நிரம்பியுள்ளது. உணர்த்தும் விருப்பம் உண்டு, தேர்ந்த அறிவு இல்லை. அன்பு அறிவின் குறையை நிரப்பாது. அனுப்புவார் ‘யான் சொல்லவில்லை, வந்ததை விடுத்தேன்’ என்பர். கொண்டு கூறுவானும் கூறுவானே. கேட்டவன் நம்பியது முதற்கண் உரைத்தவனை அன்று, தன் தமையனையும் தன் அத்தையையும். நோயாளியின் வினாவிற்கு நின்று விடை கூறாது வெகுளும் மருத்துவர்க்கும் இப்பழியில் ஒரு பங்கு உண்டு. கடுஞ்சொல்லால் வாயிலினின்றும் துரத்தப்பட்டவன், இன்சொல் எங்குக் கிடைக்குமோ அங்கே செல்வான்.

இங்கிலாந்தில் 1990களின் நடுவில் நூற்றுக்கு 90க்கு மேல் இருந்த அத்தடுப்பூசியின் அளவு, 2003-04இல் 80ஐ ஒட்டி இறங்கிற்று. தட்டம்மையோ நூற்றுக்கு 95 குழந்தைகள் ஊசி பெற்றாலன்றி ஊரினின்றும் அடங்காத நோய். அடுத்த நாடாகிய வேல்சிலும் பெற்றோர் அஞ்சினர். அங்கே சுவான்சி நகரைச் சூழ்ந்த பகுதியில் 2012 நவம்பரில் தட்டம்மை தோன்றி 2013 வேனில் வரை நின்றது, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் குறிக்கப்பட்டது, ஒருவர் இறந்தார். நோயுற்றாருட் பலர் பத்து முதல் பதினெட்டு அகவையினர். ஊசிக்கு அஞ்சிய நாளில் மடியிற் கிடந்த மகவுகள் அவர். 2013இன் வார இறுதிகளில் சிறப்பு ஊசி நிலையங்கள் திறக்கப்பட்டபோது, பெற்றோர் வளர்ந்த தம் மக்களை உடனழைத்து வந்து நெடிய வரிசையில் நின்றனர்.