விழுந்ததை மறுபடி மேலே அனுப்பும் முன்

புனித மாற்கு, நற்செய்தியாளர் விழா – ஏப்ரல் 25, கிளியனூர்



இன்று நாம் விழா எடுக்கும் புனிதர், பாதி வழியில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர். காலடியில் சிங்கம், கையில் எழுதுகோல் என்று சுரூபம் செய்து வைத்திருக்கிறோம். பார்த்தால் பிறக்கும்போதே வீரராகப் பிறந்தவர் போல இருக்கிறார். திருத்தூதர் பணிகள் நூலின் 13ஆம் அதிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. பவுலும் பர்னபாவும் முதல் நற்செய்திப் பயணம் புறப்பட்டபோது யோவான் மாற்கு என்ற இளைஞரை உதவிக்குக் கூட்டிப் போனார்கள். சைப்பிரசுத் தீவில் அவர் உடன் இருந்தார். அங்கிருந்து கடல் தாண்டிப் பம்பிலியாவின் பெருகை ஊருக்கு வந்ததும், இருவரையும் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். காரணத்தை அந்த நூலின் ஆசிரியர் லூக்கா எழுதவில்லை. காய்ச்சலாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், அம்மா நினைப்பாகக்கூட இருக்கலாம். அம்மா மரியாவின் வீடு எருசலேமில்தான் இருந்தது. சபையார் கூடிச் செபித்த வீடு அது. சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு நடுஇரவில் வந்து கதவைத் தட்டியதும் அதே வீட்டில்தான்.

பிறகு இரண்டாம் பயணம் வருகிறது. "மாற்கையும் கூட்டிப் போவோம்" என்கிறார் பர்னபா. பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவழியில் விட்டுப் போன ஆளை நம்பி மறுபடி எப்படிக் கிளம்புவது? வாக்குவாதம் முற்றி, சேர்ந்தே உழைத்த இருவரும் பிரிந்து போனார்கள். பவுல் சீலாவோடு தரை வழியாகச் சிரியா, சிலிசியா பக்கம் போனார். பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பல் ஏறினார்.

யார் செய்தது சரி? இதற்குப் பதில் சொல்லும் முன் உங்களைக் கொஞ்சம் வயல் பக்கம் கூட்டிப் போகிறேன்.

தேர்வு முடிந்த கோடையில், அறுவடையான வயல்களில் பையன்கள் ரிமோட் விமானம் விடுகிறார்கள். நடிகர் அஜித்குமாருக்கு இந்தக் கலையில் உள்ள ஈடுபாடு உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. தெர்மாகோலும் ஃபோமும் வெட்டி, ஹாட் க்ளூ வைத்து ஒட்டி, மோட்டார் மாட்டுகிறார்கள். எழும்புகிறது, ஒரு வட்டம் போடுகிறது, மூக்குக் குப்புற விழுகிறது. (ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பிகளே. புதுச்சேரி விமான நிலையமும் கழுவேலிப் பறவைகள் சரணாலயமும் நமக்கு வெகு தூரமில்லை. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் உங்களுக்கும் பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடத்தைப் பார்த்த பிறகு பறக்கவிடுங்கள்.)

விழுந்தபின் அவர்கள் செய்வதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இறக்கை போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஃபோம் மலிவு, ஒரு மாலையில் வேறு வெட்டிக்கொள்ளலாம். காசு போட்டு வாங்கியது உள்ளே இருக்கிறது: ரிசீவர், சர்வோ, ஸ்பீடு கன்ட்ரோலர், பேட்டரி. இவற்றைப் பிரித்து எடுக்கிறார்கள். எடுத்ததை அப்படியே அடுத்த விமானத்தில் மாட்டுவது அனுபவம் இல்லாதவன் வேலை. அனுபவசாலி முதலில் ஒரு கேள்வி கேட்கிறான்: இந்த ரிசீவரால் விமானம் விழுந்ததா, விமானம் விழுந்ததால் ரிசீவருக்கு அடிபட்டதா? காற்றைக் கணிக்காமல் ஓட்டியவன் தவறு என்றால் ரிசீவர் பாவம், அதற்குக் காயம் மட்டும்தான். நடுவானில் சிக்னல் அறுந்து விழுந்தது என்றால் குற்றவாளியே அதுவாக இருக்கலாம். வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும், ஆனாலும் நம்பக் கூடாது.

அடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கிறான். சர்வோவுக்குள் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் இருக்கின்றன. மோதிய வேகத்தில் ஒரு பல் உடைந்திருந்தால், மேசைமேல் வைத்து ஓட்டும்போது நன்றாகத்தான் திரும்பும். காற்றின் சுமை ஏறும்போது அந்த இடத்தில் வழுக்கிவிடும். ஆகவே கையால் மெதுவாகத் திருப்பி, எங்கே கரகரவென்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறான். பல்சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, மாற்றிவிட்டால் பழைய சர்வோ மறுபடி உழைக்கும். ரிசீவரைத் திறந்து, பற்றவைத்த இடங்களில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறான். ஆன்டெனா நுனியில் சுமார் 31 மில்லிமீட்டர் நீளம்தான் அலையை வாங்குகிறது. அது நறுங்கியிருந்தால் பக்கத்தில் நின்று இயக்கும்போது ஒன்றும் தெரியாது, தூரம் போனதும் சொன்ன பேச்சு கேட்காது.

ஆகவே ரேஞ்ச் டெஸ்ட் செய்கிறார்கள். விமானத்தைத் தரையில் கட்டி வைத்து, டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து, கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக விலகிப் போகிறார்கள். முப்பது தப்படி போன பிறகும் சொல் கேட்கிறதா? மோட்டார் ஓடும்போதும் கேட்கிறதா? கேட்டால்கூடப் பெரிய விமானத்தில் மாட்டுவதில்லை. மெதுவாகப் பறக்கும், விழுந்தாலும் நட்டமில்லாத பயிற்சி விமானத்தில் மாட்டி, ஆள் இல்லாத வெளியில், தாழப் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இவ்வளவு பாடு அந்தக் கருவிமேல் உள்ள சந்தேகத்தால் மட்டும் அல்ல. இரண்டு கிலோ எடையுள்ள பொருள் மறுபடி கட்டுப்பாடு இழந்தால் அது வயலில்தான் விழும் என்று யார் உறுதி தருவது? பக்கத்தில் திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலை ஓடுகிறது. யாரோ ஒரு தகப்பன் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து பைக்கில் போய்க்கொண்டிருப்பான்.

இப்போது பர்னபாவைப் பாருங்கள். மாற்கை அவர் எங்கே கூட்டிப் போனார்? சைப்பிரசுக்கு. அது பர்னபாவின் சொந்தத் தீவு. மாற்கு முதல் பயணத்தில் தடுமாறாமல் வேலை செய்த இடமும் அதுதான். அவர் தவறியது அதற்கு அப்புறம், பெருகையில். தாங்கிய தூரம் வரை மறுபடி கூட்டிப் போய்ப் பார்த்தார் பர்னபா. பவுல் சென்ற வழியிலோ பிலிப்பியில் தடியடியும் தொழுமரமும் காத்திருந்தன. அந்த வழியில் முதல் நாளே மாற்கைச் சேர்க்க மாட்டேன் என்று சொன்ன பவுலைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது தேவையான ஒரு 'இப்போது வேண்டாம்'. பர்னபா இல்லாமல் அது மட்டுமே நின்றிருந்தால் மாற்கு குப்பைக்குப் போயிருப்பார். பவுலின் தயக்கத்தை யாருமே சொல்லாதிருந்தால், பிலிப்பியில் இன்னொரு பெருகை நடந்திருக்கலாம். இருவரும் சண்டை போட்டுப் பிரிந்ததுதான் வருத்தம். அமர்ந்து பேசியிருந்தாலும் இதே முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடே செலவு செய்து பறக்கவிடும் விமானத்துக்கும் இதே நிதானம்தான். இஸ்ரோவின் புஷ்பக் என்ற இறக்கை வைத்த ஊர்தியைக் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சோதித்தார்கள். விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் அதை நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போய் விட்டுவிட, தானே வழி கண்டு ஓடுபாதையில் இறங்க வேண்டும். 2023 ஏப்ரலில் முதல் சோதனை நடந்தது. 2024 மார்ச் 22ஆம் தேதி, ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து 150 மீட்டர் விலக்கி விட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி 500 மீட்டர் விலக்கி விட்டார்கள். அந்த மூன்றாவது சோதனைக்கு வேறு ஊர்தி செய்யவில்லை. மார்ச்சில் பறந்த அதே உடல், அதே பறப்புக் கருவிகள், மாற்றம் ஏதுமின்றி. நேரே, பிறகு 150, பிறகு 500. நம்பிக்கையை அவர்கள் இப்படி மீட்டர் கணக்கில் வளர்த்தார்கள்.

நம் வீடுகளில் எப்படி நடக்கிறது? 2023 மே மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கும் மேல் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் பயந்து குடியை விட்டவர்களும் உண்டு, மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் திரும்பியவர்களும் உண்டு. திரும்பி வந்த மனிதனிடம் வீட்டார் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, சாகும்வரை குத்திக்காட்டுவது: சோறு போடும்போது ஒரு சொல், சொந்தக்காரர் வந்தால் ஒரு சாடை. அந்த வீட்டில் அவன் இனி குப்பைதான். மற்றொன்று, வந்த மறுநாளே சம்பளப் பணம், சீட்டுப் பணம், பைக் சாவி எல்லாவற்றையும் கையில் கொடுத்து "அவர் மாறிட்டாரு சாமி" என்று என்னிடம் வந்து சொல்வது. இது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிபட்ட ரிசீவரை அன்றைக்கே பெரிய விமானத்தில் மாட்டுவதும் இதுவும் ஒன்றுதான். மறுபடி விழுந்தால் அவனும் நொறுங்குவான், வீடும் நொறுங்கும், "இவனெல்லாம் திருந்த மாட்டான்" என்று ஊரும் முடிவு கட்டிவிடும்.

அம்மா, நீங்கள் அவரைக் கடைக்கு அனுப்புங்கள். நூறு ரூபாய் கொடுத்து அனுப்புங்கள். கணக்குக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் கேளுங்கள். அடுத்த மாதம் கொஞ்சம் கூடக் கொடுங்கள். ரேஞ்ச் டெஸ்டில் விலகி நடப்பது கருவியைக் கையில் வைத்திருப்பவர்தான். அருகிலேயே நின்று கண்காணித்தால் எதுவும் தெரியவராது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டாலும் ஆபத்து. அடி அடியாகத்தான் விலக வேண்டும், சில சமயம் ஆண்டுக்கணக்கில்.

எல்லாவற்றையும் இப்படி மீட்டுவிடலாம் என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். பேட்டரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்த விமானங்களில் இருப்பது லிப்போ பேட்டரி. விழுந்து நசுங்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புத் தாள் கிழிந்து, பார்வைக்கு ஒன்றும் இல்லாதது போலக் கிடந்து, சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். ஆகவே நசுங்கிய பேட்டரியை யாரும் சார்ஜ் போட்டுப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் கொண்டுவருவதும் இல்லை, வெளியே மணல்மேல் வைத்துவிடுகிறார்கள். என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதற்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது.

மனைவியை அடித்து மண்டையை உடைத்தவன் திருந்திவிட்டேன் என்று வந்து நிற்கும்போது, "மன்னிப்பதுதானே கிறிஸ்தவம்" என்று சொல்லி அந்தப் பெண்ணை அவனோடு அனுப்பி வைக்கும் பெரியவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். அவள் மன்னிக்கலாம். மன்னித்துவிட்டு அம்மா வீட்டிலேயே இருக்கவும் செய்யலாம். அவளைத் திரும்பப் போகச் சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவனை மறுபடி பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வைப்பது எந்த நாளும் கூடாது. இதைச் சொல்லும்போது எங்களைப் போன்ற குருக்கள்தான் முதலில் தலைகுனிய வேண்டும். பல நாடுகளில் அப்படிப்பட்ட குருக்களை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றி, இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எத்தனையோ குழந்தைகள் எரிந்தார்கள். 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், இப்படிப்பட்ட முறைகேட்டை அறியும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் சட்டம் போட்டார். நம் நாட்டின் போக்சோ சட்டம் 2012லேயே காவல்துறையிடம் சொல்லச் சொல்லிவிட்டது. அந்த மனிதனின் ஆன்மாவுக்காக நாம் செபிப்போம். மறைக்கல்வி வகுப்பு மட்டும் அவனிடம் போகாது.

இன்றைய முதல் வாசகத்தைப் பேதுரு எழுதியிருக்கிறார். அவரும் ஓர் இரவு இயேசுவை மறுதலித்து முழுதாக விழுந்தவர், அதுவும் பணிப்பெண் கேட்ட கேள்விக்கு. சிறிது காலத் துன்பத்துக்குப் பிறகு கடவுளே உங்களைச் சீர்ப்படுத்தி உறுதிப்படுத்துவார் என்று அவர் சொன்னதைக் கேட்டோம். அந்தத் திருமுகத்தின் முடிவில் மாற்கைத் தம் மகன் என்று சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். பேதுருவின் நினைவுகளைத்தான் மாற்கு எழுதிவைத்தார் என்பது திருச்சபையின் பழைய மரபு. அப்படி என்றால், பேதுரு மறுதலித்த கதையை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் அந்த நற்செய்தி, விழுந்த ஒருவர் சொல்ல விழுந்த இன்னொருவர் எழுதியது.

பவுல் என்ன ஆனார்? கொலோசையருக்கு எழுதும்போது, மாற்கு உங்களிடம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். பழைய கதை அந்தச் சபைக்கும் எட்டியிருந்ததோ என்னவோ. பிறகு, சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபடி திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். மாற்கைக் கூட்டி வா, திருப்பணிக்கு அவர் எனக்குப் பயன்படுவார் என்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் தோல் சுருள்களையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதும் அதே கடிதத்தில்தான். பெருகைக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்த ஆண்டுகளில் யாரும் மாற்கை அவசரப்படுத்தவில்லை.

பங்குத் திருவிழாவுக்கு வேலை பிரிக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. குடியை விட்டு வந்திருக்கும் நம் சகோதரர்களை இந்த ஆண்டு ஒதுக்கிவிடாதீர்கள். உண்டியலும் வரவுசெலவும் இப்போது வேண்டாம். பந்தல் வேலை கொடுங்கள், நாற்காலி எடுத்துப் போடச் சொல்லுங்கள், மைக் செட்காரரோடு நிற்கச் சொல்லுங்கள். தேர் தூக்கும் அணியில் நடுவில் ஓர் இடம் கொடுங்கள். இருபுறமும் நிதானமான ஆட்களாக இருக்கட்டும். மற்றதை அடுத்த ஆண்டு பேசிக்கொள்வோம்.