காடும் இல்லறமும்

 

குடும்பத்துக்காகத்தான் உழைக்கிறோம் என்று சொல்லாதவர் நம்மில் ஒருவருமில்லை. காலை ஏழு மணிக்குக் கடைக் கதவைத் திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டி வீடு போய்ச் சேர்ந்தால், பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வாப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்குகிற ஒரு மனிதர். நம் பாட்டன்மார் காலம் இதைவிடக் கடினம். ஈப்போவிலே கடை, நாகூரிலோ கடையநல்லூரிலோ பெண்டு பிள்ளை, சில வருடங்களுக்கு ஒரு சபர். அவர்கள் குடும்ப பாரத்தைச் சுமந்தார்கள். யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாரம் சுமப்பது வேறு, கூடி வாழ்வது வேறு. அந்த வேற்றுமையைக் காட்டுவதற்கு ஒரு மனிதரின் வரலாற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

பம்பாயில் 1896-ம் வருடம் நவம்பர் 12-ந் தேதி பிறந்தவர் சாலிம் அலீ. பறவைகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். வாப்பாவையும் உம்மாவையும் மூன்று வயதுக்குள் இழந்த யத்தீம். மாமா அமீருத்தீன் தையப்ஜீயும் பிள்ளை இல்லாத மாமியும் அவரைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். சிறு பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் கறை இருந்தது. இது ஹலாலா, தின்னலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மாமாவிடம் கொண்டு போனார். மாமாவுக்கும் தெரியவில்லை. போடா என்று விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் காரியதரிசி மில்லார்டு துரைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். துரை அலமாரிகளைத் திறந்து வரிசை வரிசையாகப் பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். பையன் மனம் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு ஹலால்-ஹராம் கேள்வியிலிருந்து ஒரு பெரிய கல்வி பிறந்தது பாருங்கள்! நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடி நாம் என்ன ஜவாப் சொல்கிறோம்?

அவரும் வியாபாரக் குடும்பம்தான். பர்மாவின் தெற்கு மூலையில் தவாய் என்ற ஊர். நம் மலாயாவுக்கு வடக்கே, அதே மலைத் தொடர், அதே மழைக் காடு. அங்கே உல்ஃப்ரம் சுரங்கமும் மர வியாபாரமும் அவர் வீட்டாருக்கு இருந்தன. கணக்குப் பார்க்கப் போனவர் காட்டில் குருவி பார்த்தார். 1918-ல் தெஹ்மினா பேகம் என்ற அம்மையாரை நிக்காஹ் செய்து அழைத்துச் சென்றார். பிறகு வியாபாரம் நொடித்தது. 1985-ல் ஈய விலை விழுந்தபோது நம் கடைத்தெரு பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பம்பாய்க்குத் திரும்பிக் காட்சிசாலையில் உத்தியோகம் பார்த்தார். ஜெர்மனி போய்ப் படித்து 1930-ல் வந்து பார்த்தால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் இல்லாளின் குணம் தெரிந்தது. தெஹ்மினா அம்மையார் இங்கிலாந்தில் படித்தவர், வசதியில் வளர்ந்தவர். கடலோரத்தில் கிஹீம் என்ற கிராமத்துக்குக் கணவருடன் குடிபோனார். அவர் மரத்தடியில் மறைந்திருந்து தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக் கணக்கில் பார்த்தார்.

கண்டது என்ன? ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண் வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் குடிபுகும், அதன் பிறகே ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். அவள் முட்டையில் உட்கார்ந்ததும் இவர் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடுவார், அடுத்த பெண்ணுக்காக! ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக இரண்டு வீடு வைத்திருந்த பழைய முதலாளிகள் சிலர் நினைவுக்கு வந்தால் அது நம் குற்றமல்ல. நம் பேராக்கிலும் இக்குருவி உண்டு. மலாய்க்காரர் தெம்புவா என்பார்கள்.

பிறகு அவர் சமஸ்தானங்களுக்கு எழுதினார்: கூலி வேண்டாம், முகாம் செலவு கொடுத்தால் போதும், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று. ஹைதராபாத், 1933-ல் திருவாங்கூர், கொச்சி என்று காடு காடாகச் சுற்றினார். அம்மையார் கூடாரத்தில் கூடவே இருந்தார். வீட்டை விட்டு ஓடிய காதலல்ல அவருடைய காட்டுக் காதல். வீட்டைக் கூடவே கொண்டு போனார். இதில்தான் அவரை நாம் குடும்பஸ்தர் என்கிறோம்.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். ஒரு பிரயாணத்தில் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். நாயகியார் முந்தினார்கள். சில காலம் சென்று மறுபடி ஓடி, நாயகம் முந்தி, அன்றைக்கு இன்று சரி என்று சிரித்தார்கள். ஒரு சமூகத்தின் சுமையெல்லாம் தலைமேல் இருந்தபோது அதற்கு நேரம் இருந்தது. நமக்கோ ஸ்டாக் எடுக்க வேண்டியிருக்கிறது!

1939-ல் சிறிய சிகிச்சை ஒன்றுக்குப் பின் தெஹ்மினா அம்மையார் மவுத்தானார். கணவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. அவர் மறுமணம் செய்யவில்லை. சகோதரி வீட்டில் அவர்கள் குடும்பத்தில் ஒருவராக இருந்துகொண்டு, 1941-ல் இந்தியப் பறவைகள் நூலை வெளியிட்டார். அமெரிக்கரான ரிப்ளியோடு சேர்ந்து 1968 முதல் 1974 வரை பத்துப் பாகங்கள் எழுதினார். 1976-ல் கிடைத்த பெரிய பரிசுப் பணத்தைச் சங்கத்துக்கே கொடுத்தார். 1987 ஜூன் 20-ல் தொண்ணூறாம் வயதில் காலமானார். மார்க்க அனுஷ்டானங்களில் ஈடுபாடு உள்ளவரென்று அவர் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. நாம் புரட்ட வேண்டிய பேரேடு அல்ல.

பறவைகளும் நம்மைப் போன்ற கூட்டங்களே என்று திருமறையின் அன்ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. அதை ஓதுகிறோம், போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியவர்கள் குரலைக் கேட்டே குருவியின் பெயர் சொல்வார்கள். அந்தத் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் ஆகிவிட்டன. ஆனாலும் பத்து காஜா பக்கம் பழைய ஈயக் குட்டைகளில் கொக்கும் நாரையும் குடியிருக்கின்றன. குவாலா கூலாவின் கடற்கரைச் சேற்றுக்குக் குளிர் தேசப் பறவைகள் வருடந்தோறும் வந்து போகின்றன.

ஊர் போகிறவர்களுக்கு இன்னொன்று. நாகைக்குத் தெற்கே கோடிக்கரை, சாலிம் அலீ அடிக்கடி வந்து அதன் அருமையை எடுத்துச் சொன்ன இடம், 1967-ல் சரணாலயமாயிற்று. சில வருடங்களாக நாகூர்க் கந்தூரியும் பறவைகள் வரும் குளிர் காலத்தை ஒட்டியே வருகிறது. ஒரு நாளைக் கூட்டி எடுத்துக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். ஸுப்ஹு தொழுத கையோடு புறப்படுங்கள். குடிக்கத் தண்ணீரும் இடியப்பமும் கட்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் கடையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.