துறவிக்கு விருது எதற்கு?

பாரத ரத்னாவையும் பத்ம விருதுகளையும் இந்திய அரசு 1954-இல் ஏற்படுத்தியது. பலன் கருதாத செயலே உயர்ந்தது என்று கீதை சொல்லும் நாட்டில், தொண்டுக்குப் பதக்கம் தருவது முறைதானா?

கர்நாடகத்துத் துறவிகள் இருவரின் வாழ்க்கை இதற்கு இருவேறு விடைகளைத் தருகிறது. தும்கூர் சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமிகள், ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குச் சாதி மதம் பாராமல் சோறும் தங்குமிடமும் கல்வியும் கொடுத்தவர். 2015-இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. விஜயபுரம் ஞானயோகாசிரமத்தின் சித்தேஸ்வர சுவாமிகளோ, 2018-இல் அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ விருதைத் துறவியான தமக்குத் தேவையில்லை எனப் பிரதமருக்குப் பணிவாகக் கடிதம் எழுதி, ஏற்க மறுத்துவிட்டார்.

இரண்டும் சரியே. பற்றறுப்பது தொண்டு செய்பவரின் அறம். நன்றி மறவாதிருப்பது அத்தொண்டைப் பெற்ற சமூகத்தின் அறம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. திருக்குறளின் அமைப்பும் இங்கே எண்ணத்தக்கது: ‘புகழ்’ இல்லறவியலின் கடைசி அதிகாரம், அதை அடுத்துத் துறவறவியல் தொடங்குகிறது. இல்லறத்தானுக்குப் புகழ் உரியது. துறவி அதைக் கடந்து போகிறான்.

அரசியல் சாசனத்தின் 18-ஆவது பிரிவு, அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. இவ்விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாதவை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. நாடு நன்றி சொல்லலாம், பெற்றவர் அதை அணிகலனாக்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். அழைப்பிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் பெயருக்கு முன்னால் ‘பத்மஸ்ரீ’ என்று அச்சிடும் வழக்கத்தை விழா நடத்துவோர் இனியாவது கைவிட வேண்டும்.