மூடின பிறகு தெரியாத வேலை

வாசக்கால் வைக்காத வீட்டில் தெய்வம் குடிவருமா? என் தங்கையின் சம்பந்தியம்மா கேட்ட கேள்வி இது. தி. நகரில் வாடகைக்கு இருக்கும் தங்கை மகளும் அவள் கணவரும் சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு ப்ரீகாஸ்ட் அடுக்ககத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள். அங்கே சுவரும் சிலாபும் எங்கோ ஒரு யார்டில் வார்க்கப்பட்டு, டிரெய்லரில் ஏறி வருகின்றன. கிரேன் தூக்கி நிறுத்துகிறது. வாசலுக்கான திறப்பு விட்டுத்தான் சுவரே வருகிறது. கதவு நிலையைக் கடைசி மாதத்தில் யாரோ வந்து ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டுப் போகிறார்கள். "மஞ்சள் குங்குமம் வச்சு, அடியில நவதானியமும் காசும் போட்டு நிலையை நிறுத்தற நாள்னு ஒண்ணு இருக்கே, அது இதுல எங்கே வருது? இது வீடா, கடையில வாங்கற சாமானா? நீங்க இன்ஜினியர், நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மந்தைவெளியில் இருக்கிறேன். சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்: மணல் சரியா, கம்பி எந்த ஊர், யு.டி.எஸ். என்கிற நிலப் பங்கு எவ்வளவு வரும். இந்தக் கேள்வி அவற்றைவிடப் பெரியது. அதைப் பழைய காலத்துக் கேள்வி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பூமி பூஜை, வாசக்கால், கிரகப்பிரவேசம் என்று நம் வீடுகளில் நாள் குறித்து எல்லோரும் கூடி நின்றது சும்மா இல்லை. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் புரோகிதரும் சித்தாளும் ஒரே இடத்தில் நின்று, நடக்கிற வேலையைக் கண்ணால் பார்த்த நாட்கள் அவை. அந்த நாட்கள் இல்லாமல் ஒரு கட்டடம் எழும்பினால் எது குறைகிறது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

வேறு ஊரில் செய்து கொண்டுவந்ததால் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. நம் கற்கோயில்களே அப்படித்தான் எழுந்தன. தூணும் உத்தரமும் பட்டறையில் செதுக்கப்பட்டு, கோயில் எழும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை. கன்னியாகுமரிப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலையும் கரையில் பட்டறைகளில் செதுக்கிய கற்களைக் கடல் கடத்தி அடுக்கியதே. அதை வடிவமைத்த கணபதி ஸ்தபதியே ஹவாய்த் தீவுகளில் காவாய் என்ற தீவில் எழுந்த இறைவன் கோயிலையும் வடிவமைத்தார். அதன் கருங்கற்கள் பெங்களூரு பக்கம் செதுக்கப்பட்டு, கப்பலேறி, அங்கே கோக்கப்பட்டன. அங்கே தெய்வம் குடிவரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் மயிலாப்பூர்க் கபாலீசுவரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோயில் கடற்கரையில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அது போன பிறகே இப்போதைய இடத்தில் கோயில் எழுந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. இடம் மாறியும் சாமி மாறவில்லை.

சம்பந்தியம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் நிறைவாக இல்லை. கோயில் கல்லுக்கும் யார்டில் வார்த்த சுவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: கல்லில் இணைப்பு வெளியே தெரியும். ப்ரீகாஸ்டில் இணைப்பு மறைந்துவிடும்.

கீழ்ச் சுவரின் தலையிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் சுவரின் அடியில் அதற்கென்று குழாய்கள் விட்டிருப்பார்கள். கிரேன் சுவரை இறக்கும்போது கம்பி குழாய்க்குள் போய் உட்கார வேண்டும். பிறகு கிரவுட் என்கிற சுருங்காத சிமென்ட் கலவையைக் கலந்து, கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்வார்கள். அது மேல் துளை வழியாக வழிந்து வந்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் எங்கோ வெற்றிடம். மழைத்தண்ணீர் குழாயில் தேங்கியிருந்து, அதை எடுக்காமல் கிரவுட் போட்டால் கலவை நீர்த்து வலுவிழக்கும். இரண்டு துளைகளையும் பூசி மூடி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்துவிட்டால் நிறைந்ததும் நிறையாததும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பிளாக்கில் இப்படி நூற்றுக்கணக்கான இணைப்புகள். சுவர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வீடு நிற்பது இவற்றை நம்பித்தான்.

1968 மே 16 விடியற்காலை, லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் பதினெட்டாவது மாடிப் பெண்மணி ஒருவர் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெளிச்சுவர்ப் பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு போக, அதன்மேல் இருந்தவை இறங்கி, அந்த மூலை முழுவதும் கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்புப் பற்றவைத்த பெண்மணி பிழைத்தார். குடிவந்து சில வாரங்களே ஆன புதுக் கட்டடம் அது. வலுப்படுத்தி மறுபடி ஆட்களைக் குடிவைத்து, கடைசியில் 1986-இல் பிரித்தெடுத்தபோதுதான் இணைப்புகள் பலவற்றில் கலவை சரியாக நிறையாமல், செய்தித்தாள்கூட அடைத்திருந்தது தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் குழந்தைகள் தூங்கியிருக்கிறார்கள்.

தொழிற்சாலையில் வார்த்த வீடு என்றாலே ஆபத்து என்று இதை வைத்து முடிவு கட்டுவது தவறு. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் தூணும் உத்தரமுமாகக் கோத்த ப்ரீகாஸ்ட் கட்டடங்கள் ஏராளமாக விழுந்தன. அதே நிலநடுக்கத்தில் பெரிய சுவர்ப் பலகைகளால் கட்டியவை நின்றன. கோத்த விதம்தான் பிரித்தது. சென்னையும் 2002-இல் திருத்திய வரைபடத்தில் நிலநடுக்க மண்டலம் மூன்றில் சேர்க்கப்பட்டது. பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று திறந்து வைத்த 1152 வீடுகளும் ப்ரீகாஸ்ட் முறையில் கட்டியவைதான். குடிசையில் இருந்தவர்களுக்குப் பதினேழு மாதத்துக்குள் கான்கிரீட் வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம்! அந்த வேகத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் மாலை மங்கும் நேரம். ஒரு சுவரின் மேல் துளையில் கிரவுட் வரவில்லை. சூப்பர்வைசர், "உள்ளே நிறைஞ்சுடுச்சு மேடம், மூடிடலாம்" என்றார். பம்ப் பிடித்திருந்த ஒடிசா இளைஞன் என்னைப் பார்த்து, "நஹீ பரா, மேடம்" என்றான். நிறையவில்லை. அப்படிச் சொன்னால் அதைக் கழுவிவிட்டு மறுபடி செய்ய வேண்டும், ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போகும், சூப்பர்வைசரின் கோபமும் வரும். அவனுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல் அளவுகூட உரிமை கிடையாது. அங்கே யார் குடிவரப் போகிறார்கள் என்று தெரியாது. அவர்களும் அவன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பெயர் கொடுப்பது? தர்மம் என்று நாம் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது இதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

பார்ப்பவர் இல்லாத இடத்தில் செய்யும் வேலையைப் பற்றி நம் ஊருக்கு நெருக்கமான ஒரு நினைவு உண்டு. அறுபத்துமூவரில் வாயிலார் நாயனார் மயிலாப்பூர்க்காரர். கபாலி கோயிலுக்குள் அவருக்குச் சன்னதி இருக்கிறது. அவர் சிவனுக்கு மனத்திலேயே கோயில் கட்டி, மனத்திலேயே விளக்கேற்றி வழிபட்டவர். இங்கிருந்து அதிக தூரமில்லாத திருநின்றவூரில் பூசலார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, அதே நாளில் பூசலார் மனத்தில் கட்டிய கோயிலில் தாம் புகவிருப்பதாகச் சொல்லி, மன்னனை வேறு நாள் பார்க்கச் சொன்னார் சிவன்.

இந்தக் கதையை எடுத்துச் சொல்லும் பலர் "மனசு சுத்தமா இருந்தாப் போதும், கல்லும் மண்ணும் எதுக்கு" என்று முடிப்பார்கள். எனக்கு அது ஒருபோதும் ஒட்டவில்லை. சேக்கிழார் சொல்லும் பூசலார் மனத்துக்குள்ளேயும் ஒரு படியையும் தாண்டவில்லை. பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் கண்மூடாமல் வேலையை நடத்தினார். சிகரம் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஒரே நொடியில் "கோயில் எழுந்துவிட்டது" என்று நினைத்திருக்கலாமே. அவர் அப்படி நினைக்கவில்லை. ஒருவரும் பார்க்காத வேலையை ஊரே பார்க்கிற வேலையைவிட நுணுக்கமாகச் செய்தார். பல்லவனின் கல்லுக்கு முன்னால் சிவன் அங்கே போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் சம்பந்தியம்மாவின் கேள்விக்கு என் பதில் இது: தெய்வம் அந்த வீட்டுக்குள் வருகிற வழி கதவு நிலை அல்ல, மூடப்போகும் அந்தத் துளை. அது நிறைந்திருந்தால் வீடு. இல்லாவிட்டால், எந்த ஹோமம் செய்தாலும் அது கடையில் வாங்கிய சாமான்தான்.

இதே காரணத்தால்தான் கட்டடம் விழும்போது "விதி" என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது யார்டில் வார்த்தது அல்ல, அந்த மண்ணிலேயே ஊற்றிக் கட்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். அவர்களின் முன்வினை என்று பேசுவது, வேலையைச் சரியாகச் செய்யாதவர்களின் வினையை இறந்தவர்கள் தலையில் ஏற்றுவதாகும். வினைக் கொள்கையை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

தங்கை மகளிடம் சொன்னது வேறு வகை. "மாடல் ஃபிளாட்டைப் பார்க்காதே கண்ணு, இன்னும் மூடாத மாடியைப் பார்க்கணும்னு கேளு" என்றேன். கிரவுட் போட்ட தேதி, சுவர் எண், சோதனைக்கு வார்த்த க்யூபை உடைத்த முடிவு மூன்றும் எழுதிய பதிவேட்டைக் கேட்க வேண்டும். காட்டத் தயங்குகிற பில்டரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். அவர்களே முன்பு முடித்த கட்டடத்துக்கு நல்ல மழை நாளில் போய், வெளிச்சுவர் இணைப்புக்கு உள்பக்கமும் ஜன்னல் மூலையும் ஈரம் காட்டுகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அவள் அதைக் கேட்டு நிம்மதியானாள். ரோனன் பாயின்டில் பதினெட்டு ஆண்டுகள் தெரியாமல் கிடந்ததை நினைவூட்டினேன். "அப்போ யாரை நம்பறது பெரியம்மா?" என்றாள். பம்ப் பிடிக்கிறவர்களை. வேறு யாரும் அந்தத் துளைக்குப் பக்கத்தில் நிற்பதில்லை.

கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புவது நம் வழக்கம். ப்ரீகாஸ்ட் வீட்டில் அந்த நாளுக்குள் ஆட்கள் அடுத்த தளத்துக்கோ ஊருக்கோ போய்விடுவார்கள். ஆகவே மரியாதையை முன்னாலேயே செய்துவிடலாம் என்று யோசனை சொன்னேன்: அவர்கள் மாடியில் கிரவுட் போடும் நாளில் வேட்டி துண்டோடு போய், பழம் தேங்காய் வைத்து, வேலை செய்கிறவர்களின் பெயரைக் கேட்டு, அவர்கள் கையாலேயே கற்பூரம் ஏற்றச் சொல்வது. சம்பந்தியம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. யார் யாருக்கு என்ன அளவு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நாள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பில்டர் ஐப்பசி என்கிறார். வடகிழக்குப் பருவமழை வலுக்கிற மாதம், குழாயில் தண்ணீர் தேங்கும். தைக்குத் தள்ளிவைக்கவும், முடியாது என்றால் ஒவ்வொரு குழாயையும் காற்றடித்து உலர்த்தின பிறகே கிரவுட் போடவும் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.