இரண்டு களஞ்சியங்கள்



2022ஆம் ஆண்டை எம்மில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றோம். பால்மாவுக்குக் கடை கடையாக அலைந்தோம். மண்ணெண்ணெய் இன்றி மீனவரின் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு யூலை மாதத்தில் கியூ.ஆர். முறை வந்து, வாரத்துக்கு இவ்வளவு என்று எரிபொருளை அளந்து கொடுக்கத் தொடங்கிய பின்னரே வரிசைகள் படிப்படியாகக் குறைந்தன. நாட்டில் பொருள் குறைவாக இருந்தது உண்மை. இருந்த கொஞ்சத்தையும் சிலர் வாங்கி வீட்டின் பின்புறத்தில் அடுக்கி வைத்ததும் உண்மை.

அந்த நாட்கள் கடந்துவிட்டன. ஆனால் விலை ஏறப்போகிறது என்று ஒரு வதந்தி எழுந்தால் போதும், அதே அவசரம் திரும்பி வருகிறது. "ஆபத்துக்கு உதவட்டும் என்று எடுத்து வைப்பது பாவமா, சுவாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

வேதாகமத்தில் இரண்டு களஞ்சியங்களைக் காண்கிறோம். ஒன்று எகிப்தில் யோசேப்பு நிரப்பியது. செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க அவர் ஆலோசனை கூறினார். மற்றது, லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் செல்வந்தன் கட்ட நினைத்தது. இருவரும் தானியத்தையே சேர்த்தார்கள். இருவரும் வருங்காலத்தையே எண்ணினார்கள். ஒருவரை ஞானி என்றும் மற்றவனை அறிவிலி என்றும் வேதம் ஏன் சொல்கிறது?

செல்வந்தனின் பேச்சைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள் என்றே அவன் பேசுகிறான். அயலான் ஒருவனாவது அவன் நினைவில் வரவில்லை. யோசேப்போ, பஞ்சம் வந்ததும் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். ஆகவே எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு கேள்வி முடிவதில்லை. தேவை வரும்போது அந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இது புதுமையான போதனையன்று. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பசிலியார் இதே உவமையை விளக்கும்போது, உபயோகமின்றிப் பூட்டி வைத்திருப்பது இல்லாதவனுக்கு உரியது என்று போதித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், உலகப் பொருள்களை இறைவன் மனிதர் அனைவருக்குமாகவே படைத்தார் என்று உறுதிப்படுத்தியது. சொந்தச் சொத்துரிமையைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. அயலானின் பசியே அந்த எல்லை.

"என் பிள்ளைகளுக்கு நான் பொறுப்பில்லையா?" என்று ஒரு தகப்பன் கேட்கலாம். நிச்சயமாகப் பொறுப்புண்டு. பிள்ளைகளுக்காக ஒரு மூடை அரிசியை வாங்கி வைப்பதை யாரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் கடையில் இருப்பதே பத்துப் பைக்கற் பால்மாவாக இருக்க, கையில் காசிருக்கிறது என்பதற்காகப் பத்தையும் வாங்கிச் செல்பவர், ஒன்பது குழந்தைகளின் பங்கையும் கொண்டு செல்கிறார். காசு கொடுத்தே வாங்கினார். சட்டம் அவரைத் தண்டிக்காது. மனச்சாட்சியோ அவரைச் சும்மா விடக்கூடாது. வனாந்தரத்தில் மன்னாவை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தவனிடம் எதுவும் மிஞ்சவில்லை என்றும், மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தது புழுத்துப்போனது என்றும் யாத்திராகமம் சொல்கிறது.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுங்கள் என்று திருச்சபை கேட்கவில்லை. யோசேப்பும் தானியத்தை விற்றார். தானியத்தைப் பதுக்குபவனை மக்கள் சபிப்பார்கள், அதை விற்பவனோ ஆசீர் பெறுவான் என்பதே நீதிமொழிகள் நூலின் போதனை. உழைப்புக்கு ஏற்ற இலாபம் நீதியானது. இருக்கும் பொருளை இல்லை என்று சொல்லி, விலை ஏறியபின் வெளியே எடுப்பது பொய்யும் களவும் சேர்ந்த பாவம்.

1990இன் பின் வடக்கில் நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் அரும்பொருளாயின. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். அக்காலத்தில் பதுக்கிப் பணம் சேர்த்தவர்களும் இருந்தார்கள். அரைப் போத்தல் எண்ணெயில் பாதியை அயல் வீட்டுக்கு ஊற்றிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இன்று நாம் நன்றியோடு நினைவுகூருவது யாரை?

எம் தாய்மார் அறிந்த பிடியரிசி வழக்கம் ஒன்றுண்டு. உலையில் இட எடுத்த அரிசியில் ஒரு பிடியை வேறொரு பானையில் போட்டு வைப்பார்கள். அதுவும் சேமிப்பே, ஆனால் பிறருக்கென்று சேமித்தது. அந்தப் பானை உங்கள் அடுப்படியில் இன்றும் இருக்கிறதா? இல்லையென்றால் இவ்வாரமே ஒன்றை வையுங்கள். நிறைந்ததும் எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். யோசேப்பின் களஞ்சியத்தை அவர்கள் அந்தச் சிறு பானையில் கண்டுகொள்வார்கள்.