சாரி சொல்வது யார்?

பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் காலை மிதித்துவிட்டால் சாரி சொல்கிறோம். போனில் எதிராளி பேசியது கேட்கவில்லையென்றால் கேள்விக்குறியோடு ஒரு சாரி. துணிக்கடையில், "சாரி சார், அந்த சைஸ் ஸ்டாக் இல்ல." காதலைச் சொன்னவனுக்கு வருகிற பதிலும் பல நேரம் சாரியில்தான் தொடங்குகிறது. நண்பனின் அப்பா தவறிவிட்டார் என்று வாட்ஸப்பில் தெரியவந்தால் அதற்கும் சாரிதான், கூடவே கைகூப்பும் எமோஜி. இந்த ஐந்தில் தப்பு செய்தவர் சொன்ன சாரி முதலாவது மட்டும்தான். மற்ற நான்கில் சொன்னவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஒரே சொல் பல வேலை பார்ப்பது ஆங்கிலத்தில் அதிசயம் இல்லை. ‘ரன்’, ‘செட்’ போன்ற சொற்களுக்கு அகராதியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ரன்னின் பொருள் இடம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. சாரியின் பொருள் நழுவினால் யாருக்கோ நியாயம் கிடைக்காமல் போகிறது.

மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ், 2004இல் வெளிவந்த ‘வாட்சிங் தி இங்கிலிஷ்’ புத்தகத்துக்காகத் தெருவில் வேண்டுமென்றே ஆட்கள் மேல் மோதிப் பார்த்தார். இடிபட்ட ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் இடித்த அவரிடமே சாரி சொன்னார்கள். தப்பு யாருடையது என்று மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. இதை நாம் கிண்டல் செய்யலாம். ஆனால் அந்தச் சொல்லின் பழைய வரலாற்றைப் பார்த்தால் அந்த ஆங்கிலேயர்கள் சொன்னதில் பிழையே இல்லை என்று தோன்றுகிறது.

தொண்டைப் புண்ணை ‘சோர் த்ரோட்’ என்கிறோமே, அந்த ‘சோர்’தான் சாரியின் தாய். பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ என்றால் புண், வலி. ‘சாரிக்’ என்றால் வலி நிறைந்தவன். துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ இதற்கு உடன்பிறப்பு மாதிரித் தெரியும், ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்த சொல். ஒலி நெருக்கத்தால் இரண்டும் பின்னாளில் ஒட்டிக்கொண்டன. ஆக, பிறக்கும்போது சாரிக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை. ‘எனக்கு வலிக்கிறது’ என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

தமிழில் நாம் சொல்வது இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வருகிறது. மன்னிப்பைக் ‘கேட்கிறோம்’. அது ஒரு மனு. கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் எதிரில் இருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. சென்னையில் ‘மாப்பு’ என்கிறார்கள், அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அதையும் கேட்கத்தான் வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘பொறு’. காத்திரு என்பதற்கும் அதுதான், சுமையைத் தாங்கு என்பதற்கும் அதுதான், பிழையை மன்னி என்பதற்கும் அதுதான். குறளில் அதற்கென்றே பொறையுடைமை என்று தனி அதிகாரம் இருக்கிறது. ‘பொறுத்துக்கோப்பா’ என்று ஒருவர் சொல்லும்போது, நான் இறக்கிவைத்த பாரத்தை இனி நீ சுமக்கப்போகிறாய் என்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. சாரியில் அந்த ஒப்புதல் இல்லை. சாரி என் மனநிலையைப் பற்றிய ஒரு தகவல். அதை நீங்கள் ஏற்கவோ மறுக்கவோ ஒன்றும் இல்லை. ‘எனக்குத் தலைவலி’ என்பதை எப்படி மறுப்பீர்கள்?

நாம் சாரியைக் கடன் வாங்கியதற்குக் காரணம் நாகரிகம் என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ சௌகரியம் என்றே படுகிறது. ‘மன்னிச்சிடு’ என்பதைச் சொல்லிவிட்டு நின்று பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். சாரியைச் சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம். ‘ரமணா’வில் விஜயகாந்த் தனக்குப் பிடிக்காத தமிழ்ச் சொல் என்று சொன்னது மன்னிப்பைத்தான். அந்த இடத்தில் சாரியைப் போட்டுப் பாருங்கள், வசனம் புஸ்ஸென்று போய்விடும்.

தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் இந்த வழுக்கலைக் கவனித்திருக்கிறார். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள், அவர் இறந்தபின் 1962இல் புத்தகமாக வந்தன. சில சொற்கள் எதையும் விவரிப்பதில்லை, சொல்வதே செயலாகிவிடுகிறது என்பது அவருடைய வாதம். ‘அபாலஜைஸ்’ அப்படிப்பட்டது. சொன்ன கணத்தில் மன்னிப்புக் கேட்டாயிற்று. ‘ஐ ஆம் சாரி’யை அவர் நடுப் பத்தியில் வைத்தார். பாதி செயல், பாதி விவரிப்பு. மூன்றாம் பத்தியில் வெறும் மனநிலை அறிக்கைகள். நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் சாய முடியும். உலகத்தின் பல வக்கீல்களும் ராஜதந்திரிகளும் அந்த நடுப் பத்தியில்தான் குடியிருக்கிறார்கள்.

2001 ஏப்ரல் 1. தென் சீனக் கடலின் மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதின. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதியில்லாமல் ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. சீனா மன்னிப்பு வேண்டும் என்றது. தப்பு தங்களுடையது இல்லை என்றது அமெரிக்கா. பதினொரு நாள் இழுபறிக்குப் பிறகு அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இரண்டு ‘வெரி சாரி’. ஒன்று விமானியின் இறப்புக்கு, இன்னொன்று வாய்மொழி அனுமதி இல்லாமல் இறங்கியதற்கு. சீன ஊடகங்கள் அதை ஆழ்ந்த மன்னிப்பு என்று படிக்கத்தக்கபடி மொழிபெயர்த்துக்கொண்டன. அது மன்னிப்பே இல்லை என்று வாஷிங்டன் சொல்லிக்கொண்டது. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சொல்லின் குழப்பம் ஒரு சண்டையைத் தவிர்த்தது என்று இதைப் பாராட்டுபவர்கள் உண்டு. நானும் பாராட்டுவேன். அந்த இரண்டு சாரிகளையும் படித்து வாங் வெய்யின் மனைவிக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நீதிமன்றத்தில் இதே குழப்பம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. 1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு மாநில செனட்டரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனாள். கார் ஓட்டியவர் கடைசிவரை அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று விசாரித்தால், சாரி சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வழக்கில் பயன்படும் என்ற பயம். 1986இல் அந்த மாநிலம், விபத்துக்குப் பின் சொல்லும் அனுதாபத்தைப் பொறுப்புக்கான சாட்சியாக எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பின்னால் வந்த கலிஃபோர்னியா சட்டம் சொல்லையே இரண்டாக வெட்டியது: அனுதாபத்துக்குப் பாதுகாப்பு உண்டு, ‘என் தப்புதான்’ என்ற பகுதிக்கு இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2009இல் இன்னும் ஒரு படி மேலே போய், தப்பை ஒப்புக்கொண்டு சொன்னாலும் அந்த சாரி சாட்சியாகாது என்றது. எதற்கெடுத்தாலும் சாரி சொல்லும் கனடாக்காரர்களுக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

சிரிக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், மகளைப் பறிகொடுத்த அப்பா கேட்டது நஷ்ட ஈடு இல்லை. அவள் செத்தது அந்த ஆளுக்கும் வலித்ததா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ‘சாரிக்’ என்ற பழைய சொல்லை, ஆயிரம் வருடம் கழித்து, ஒரு சட்டம் போட்டு மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய உதாரணம் ஆஸ்திரேலியா. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்ப்பதை அரசே கொள்கையாக வைத்திருந்தது. 1997இல் வந்த விசாரணை அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்றது. அரசு சாரி சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்தார். முந்தைய தலைமுறைகள் செய்ததற்கு இந்தத் தலைமுறை குற்றத்தைச் சுமக்க முடியாது என்பது அவர் வாதம். 1999இல் நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் ‘ஆழ்ந்த, உண்மையான வருத்தம்’ இருந்தது. சாரி மட்டும் இல்லை. அடுத்த வருடம் மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தபோது, மேலே ஒரு விமானம் புகையால் அந்தச் சொல்லை வானத்தில் எழுதியது.

ஹோவர்டின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தாத்தா செய்ததற்குப் பேரன் குற்றவாளி ஆக மாட்டான் என்பது சரிதான். ஆனால் அவர் சாரிக்கு ஒரே ஒரு பொருளை, குற்ற ஒப்புதலை மட்டும், எடுத்துக்கொண்டார். கேட்டவர்களிடம் அந்தச் சொல் வேறு மாதிரியாகவும் புழங்கியது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பேசும் ஆங்கிலத்தில் ‘சாரி பிசினஸ்’ என்றால் இழவு. ஒருவர் இறந்தபின் சொந்தபந்தம் கூடி நாள்கணக்கில் செய்யும் சடங்குகள், துக்கம் காப்பது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். அங்கே சாரி என்பவர் கொலைகாரர் இல்லை. இழவு வீட்டுக்கு வந்தவர். நம் ஊரில் ‘துக்கம் விசாரிக்கப் போறோம்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அது. துக்கம் விசாரிக்க வராத பங்காளியை ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். ‘நானா கொன்னேன்?’ என்று அவன் கேட்டால் அது பதிலாகாது.

2008 பிப்ரவரி 13 அன்று புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் சாரி சொன்னார். பார்வையாளர் மாடத்தில் பிரிக்கப்பட்ட குழந்தைகள் முதியவர்களாக உட்கார்ந்து அழுதார்கள். அன்று இழப்பீடு எதுவும் அறிவிக்கப்படவில்லை. மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் இருந்த பிரதேசங்களில் பிரிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 75,000 டாலர் என்ற திட்டம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது, 13 வருடம் கழித்து. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இழவு வீட்டுக்கு வந்தது பெரிய விஷயம், ஆனால் வந்தவர்தான் வீட்டை எரித்த குடும்பம் என்றால் விசாரித்ததோடு கிளம்பிவிட முடியாது. இரண்டு பொருளும் அந்தச் சொல்லில் இருக்கின்றன, இரண்டும் கடன்கள். ஒன்றைக் கட்டியதாகச் சொல்லி இன்னொன்றைத் தள்ளுபடி செய்யும்போதுதான் மோசடி நடக்கிறது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய ‘மாரல் லக்’ கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். தன் பக்கம் எந்தப் பிழையும் இல்லாமல் ஒரு குழந்தை மேல் வண்டியை ஏற்றிவிடுகிறார். எல்லோரும் அவரைத் தேற்றுவோம், உன் தப்பில்லை என்போம். தேற்றுவதும் சரிதான். ஆனால் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கு என்னவோ போலாகிவிடும். ‘ஆமா, என் தப்பில்ல’ என்று டீ குடிக்கப் போய்விட்டால் அந்த மனிதர்மேல் சந்தேகம் வருகிறது. ஓரமாக நின்று பார்த்தவரின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றில்லை என்கிறார் வில்லியம்ஸ். குற்றமில்லாமலும் ஒரு செயல் ‘என்னுடையது’ ஆகிறது. சாரி என்ற சொல் தன் முழு உயரத்துக்கு நிற்பது அந்த லாரி டிரைவரின் வாயில்தான் என்று நினைக்கிறேன். வலியும் இருக்கிறது, ‘என் கையால்’ என்பதும் இருக்கிறது.

நிறுவனங்கள் ஓரமாக நின்று பார்த்தவரின் குரலில்தான் பேசுகின்றன. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்பது ஒரு நிகழ்ச்சியின் பெயர் மாதிரி. ரயில் தாமதமானால் ‘ஏற்பட்ட’ சிரமத்துக்கு வருந்துகிறார்கள். ‘ஏற்படுத்திய’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், உடனே யார் என்ற கேள்வி வந்துவிடும். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு நூறாண்டு நிறையும் தறுவாயில், 2019 ஏப்ரல் 10 அன்று, தெரசா மே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் முழுமையான மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அது வரவில்லை. சுட்டது டயரின் படை, வருந்தியது வரலாறு.

என் துறையில் இதை ஸ்ட்ரிங் என்போம். சர்வர் படுத்துவிட்டால் திரையில் வரும் ‘சாரி, சம்திங் வென்ட் ராங்’. ஒரு ஆப்பைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை நடந்தபோது மொழிபெயர்ப்பாளர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "இதை யாருங்க சொல்றது?" முதலில் யாருக்கும் புரியவில்லை. தமிழில் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வருந்துகிறேன் என்றால் ஒருவர், வருந்துகிறோம் என்றால் பலர். அந்த ஒருவர் யார், கம்ப்யூட்டரா, கம்பெனியா, ராத்திரி ரெண்டு மணிக்கு லாக் பார்த்துக்கொண்டிருக்கும் பையனா? பேச்சு நீண்டது. பணம் கழிந்து டிக்கெட் வராமல் நிற்பவருக்கு சாரியால் ஒரு பயனும் இல்லை, அதைத் தூக்கிவிட்டு ‘உங்கள் பணம் என்ன ஆனது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளை மாலைக்குள் சொல்வோம்’ என்று போடலாம் என்றார் அவர். நாங்கள் இரண்டு மூன்று பேர் அதற்குக் கைதூக்கினோம். ‘நாளை மாலைக்குள்’ என்பதற்கு யார் பொறுப்பு என்று மேலிருந்து கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை. பட்டனுக்கு மேல் இடமும் கம்மி. கடைசியில் ‘மன்னிக்கவும்’ என்று போட்டு ரிலீஸ் செய்தார்கள்.